சீனமும் ஜப்பானியமும் ஒரே பக்கத்தில்: எந்த வழி தாங்கும்?

கணினியில் உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரம் யூனிகோடு. அதில் 30452 என்ற எண்ணுக்கு ஓர் எழுத்து உண்டு. பொருள் 'நேர்'. சீன அச்சில் அதன் நடுப்பெட்டி அடிக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். ஜப்பானிய அச்சில் பெட்டி தனியாக நிற்கும். அதன் இடப்பக்கம் ஒரு கோடு இறங்கி அடியில் வலப்பக்கமாக மடங்கிப் போகும். 39592 இன்னொன்று, 'எலும்பு'. மேல்பகுதிக்குள் இருக்கும் சிறு மடிப்பு சீனப் பெருநிலத்து வடிவத்தில் இடப்பக்கம் விழும், ஜப்பானிய வடிவத்தில் வலப்பக்கம் விழும். பள்ளிப் பிள்ளை மாற்றி எழுதினால் ஆசிரியர் திருத்துவார். கணினிக்கு அந்த வேறுபாடே தெரியாது. அதனிடம் இருப்பது எண் மட்டும். எந்த வடிவம் திரையில் விழும் என்பதை முடிவு செய்வது எழுத்துரு.

ஒரு மொழி மட்டும் உள்ள பக்கத்தில் இது யாருக்கும் தொல்லை தராது. சீன-ஜப்பானிய அகராதி, இரு நாட்டுப் பொருள்களும் உள்ள அருங்காட்சியகப் பட்டியல், மொழி கற்பிக்கும் செயலி, இரண்டு மொழியிலும் வாடிக்கையாளர் பெயர் வைத்திருக்கும் தரவுத்தளம் என்று வரும்போதுதான் இரு மொழியையும் அதனதன் வடிவில் காட்ட 'எந்த வழியில் போவது' என்ற கேள்வி எழும். வழிகள் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றில் இரண்டை இன்று யோசிக்கவே வேண்டாம். ஒன்றைப் பெயர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மிச்சமிருப்பவற்றில்தான் உண்மையான தேர்வு.

ஏன் ஒரே எண்?

ஜப்பான் தன் கான்ஜி எழுத்துகளுக்கு, அதாவது சீனத்திலிருந்து பெற்ற எழுத்துகளுக்கு, 1978லேயே தரக்குறியாக்கம் (எழுத்துக்கு எண் தரும் முறை) வகுத்தது. 1980ல் சீனா ஜிபி 2312 என்ற பெயரில் 6,763 எழுத்துகளை வரிசைப்படுத்தியது. தைவானில் 1984ல் பிக்5 வந்தது. மூன்றும் தனித்தனி உலகங்கள். உலகத்துக்கெல்லாம் ஒரே குறியாக்கம் என்ற பேச்சு எழுந்தபோது, பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 10646 தரத்தின் முதல் வரைவு சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருந்தது. 1991ல் அந்த வரைவு வாக்கெடுப்பில் தோற்றது. அதன்பின் ஐஎஸ்ஓ தரமும் யூனிகோடும் ஒன்றாயின. மூன்று மொழிக்கும் பொதுவான சீன மூல எழுத்துகளான ஹான் எழுத்துகளும் ஒன்றாயின. அன்று யூனிகோடு 16 பிட், மொத்தம் 65,536 இடம். ஒரே எழுத்தின் நாட்டு வடிவங்களை எல்லாம் தனித்தனியாக ஏற்றினால் இடம் போதாது. 1992ல் 20,902 எழுத்துகள் ஒருங்கிணைந்த தொகுப்பாக உள்ளே வந்தன. இட நெருக்கடி பிற்பாடு தீர்ந்துவிட்டது. இன்று ஹான் எழுத்துகள் மட்டுமே 97,000ஐத் தாண்டிவிட்டன. ஆனால் ஒரு முறை இணைத்ததைப் பிரிக்க முடியாது. ஏற்கெனவே எழுதிச் சேமித்த உரைகள் எல்லாம் என்ன ஆகும்?

இதைப் புரிந்துகொள்ளத் தமிழிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1978ல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'ணை', 'லை', 'னை' ஆகியவற்றின் ஐகாரம் தும்பிக்கைபோல் எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. யூனிகோடில் பழைய வடிவத்துக்கென்று தனி எண் கிடையாது. பழைய பாணி எழுத்துருவைப் போட்டால் பழைய வடிவம் வரும், புதியதைப் போட்டால் புதியது வரும். சேமித்த உரை ஒன்றேதான். பழைய நூல் மேற்கோளையும் இன்றைய விளக்கத்தையும் ஒரே பத்தியில் அவரவர் வடிவத்தில் காட்ட வேண்டுமென்றால், நமக்கும் இதே தலைவலிதான். நாம் அப்படிக் கேட்பதில்லை. ஜப்பானியரும் சீனரும் தினமும் கேட்கிறார்கள்.

சிக்கலைப் பெரிதாக்கவும் வேண்டாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இணைக்கப்படவில்லை. 'அகன்ற' என்ற எழுத்துக்கு ஜப்பானியச் சுருக்கம், சீன எளிய வடிவம், மரபு வடிவம் மூன்றுக்கும் மூன்று எண். 'கதவு' எழுத்தைப் பாருங்கள்: பதினறும எண்ணில் 6236 தைவான் வடிவம், 6237 சீனப் பெருநில வடிவம், 6238 ஜப்பானிய வடிவம். மேலே உள்ள ஒற்றைக் கோட்டின் சாய்வுதான் வேறுபாடு, ஆனாலும் தனித்தனி இடம். பழைய தேசியத் தரம் ஒன்றில் ஏற்கெனவே பிரிந்திருந்த வடிவங்களை இணைக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். அந்த விதியால் தப்பியவை பல. ஆகவே நாம் பேசுவது 'நேர்', 'எலும்பு' போல விதிக்குள் அகப்படாமல் இணைந்துபோன எழுத்துகளைப் பற்றி. வாசிப்பவருக்குப் பொருள் புரியாமல் போகாது. பார்வைக்கு அந்நியமாக இருக்கும். பாடநூலிலும் ஆள் பெயரிலும் அது பிழையாகவே எண்ணப்படும்.

பழைய குறியாக்கங்களுக்குத் திரும்பலாமா?

அப்படிச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரணமும் சரியாகத்தான் படும்: பழைய குறியாக்கத்தில் எழுத்து எந்த நாட்டுத் தொகுப்பிலிருந்து வந்தது என்பது உரைக்குள்ளேயே இருக்கும். 1993ல் ஆர்எஃப்சி 1554 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்த ஐஎஸ்ஓ-2022-ஜேபி-2 இதற்காகவே பிறந்தது. உரையின் நடுவே ஒரு தப்பிப்புக் குறி வரும். 'இனி ஜிபி 2312' என்று பொருள். இன்னொரு குறி வரும். 'இனி ஜப்பானியத் தொகுப்பு'. ஒரே மின்னஞ்சலில் சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றும் அவரவர் வடிவில் நின்றன. ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தி நிரலின் பன்மொழி நீட்சியான மியூலும் இதே மரபில் வந்தது. 1997ல் ஈமாக்ஸ் 20ல் அது மைய நிரலோடு சேர்ந்தது. 2009ல் வந்த ஈமாக்ஸ் 23, உள்ளமைப்பை யூனிகோடு அடிப்படைக்கு மாற்றிக்கொண்டது. அந்த வழியைக் கட்டிக் காத்தவர்களே விட்டுவிட்டார்கள் என்பதை விடப் பெரிய சான்று தேவையில்லை.

ஜப்பானியக் கணினி அறிஞர் சகாமுரா கென் தொடங்கிய டிரான் திட்டம் இன்னும் உறுதியாக நின்றது. நாட்டுத் தொகுப்புகளை இணைக்காமல் அப்படியே அருகருகே வைப்பது அதன் கொள்கை. 1999ல் சோ-கான்ஜி என்ற இயங்குதளமாகக் கடைக்கும் வந்தது. கொள்கையளவில் எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனால் உலாவி, தரவுத்தளம், கைபேசி எல்லாம் யூனிகோடு பேசும்போது, டிரான் உரை தன் வீட்டு வாசலைத் தாண்டியதும் குறியாக்கம் மாற்றப்பட்டு அதே 30452 ஆகிவிடும். தேடலிலும் இழப்பு உண்டு. 'எலும்பு' என்று ஜப்பானியத்தில் தட்டினால் சீன நூல் அகப்படாது. ஒருங்கிணைப்பு நமக்குத் தந்த நன்மை இதுதான்: நூலகப் பட்டியலில் ஒரே தேடலில் இரு நாட்டு நூல்களும் வந்து நிற்கின்றன.

சீனாவின் ஜிபி 18030 பற்றி ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்து 'இது சீனத்துக்கே உரிய தனித் தொகுப்பு' என்று நினைத்துவிடக் கூடாது. அது யூனிகோடின் எல்லா எண்களையும் வேறு பைட் வரிசையில் எழுதும் முறை. அங்கே போனாலும் இணைந்த எழுத்து இணைந்தே இருக்கும்.

எழுத்துக்குப் பின்னால் ஒட்டும் குறி

யூனிகோடுக்குள்ளேயே இருக்கும் வழி வேறுபாட்டுத் தெரிவிகள். அடிப்படை எழுத்தை அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்ப்பது. 'இந்த எழுத்தின் இன்ன வடிவம்' என்று எழுத்துருவுக்குச் சொல்வது. ஹான் எழுத்துகளுக்கென 240 தெரிவிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. எந்தச் சேர்க்கை எந்த வடிவம் என்பதை யூனிகோடு ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. 2007ல் அடோபி நிறுவனத்தின் ஜப்பானியத் தொகுப்பு முதலில் பதிவானது.

இதன் அருமையை ஓர் ஊர்ப்பெயர் காட்டும். டோக்கியோவின் கட்சுஷிகா வட்டமும் நாரா மாநிலத்தின் கட்சுராகி நகரமும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, எண் 33883. ஆனால் எழுத்தின் கீழ்ப்பகுதியைக் கட்சுஷிகா ஒரு வகையாகவும் கட்சுராகி வேறு வகையாகவும் எழுதுகின்றன. இரண்டும் அவரவர் அதிகாரபூர்வ வடிவம். 2004ல் ஜப்பானியத் தரம் 168 எழுத்துகளின் முன்மாதிரி வடிவத்தை மாற்றியது. அதை ஏற்ற எழுத்துருக்களுடன் விண்டோஸ் விஸ்டா 2007ல் கடைக்கு வந்தபோது கட்சுஷிகாவின் பெயர் திரையில் சரியாயிற்று, கட்சுராகியின் பெயர் பிழையாயிற்று. இரண்டு ஊரையும் ஒரே பட்டியலில் சரியாகக் காட்ட வேறுபாட்டுத் தெரிவியைத் தவிர ஒழுங்கான வழி இல்லை. சீனம் பக்கமே வராத, ஜப்பானுக்குள்ளேயே நடக்கும் சிக்கல் இது என்பதையும் கவனியுங்கள்.

அங்கேதான் இந்த வழியின் எல்லையும் இருக்கிறது. பதிவேட்டில் உள்ள பெரிய தொகுப்புகள் ஜப்பானியப் பெயர், ஊர், ஆவண வடிவங்களை ஒட்டியவை. 'இது சீனப் பெருநில வடிவம்' என்று பொதுவாகச் சொல்லும் தெரிவி இல்லை. ஆக, சீனம்-ஜப்பானியம் பிரிக்க இதை நம்பினால் பாதி வழியில் நின்றுவிடும். அதோடு செலவும் உண்டு. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் பரவலான முறையான யூடிஎஃப்-8ல் ஹான் எழுத்து பெரும்பாலும் 3 பைட், தெரிவி 4 பைட். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பழைய 'யூடிஎஃப்8' வகை 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. 'யூடிஎஃப்8எம்பி4' வகைக்கு மாற்றாத அட்டவணையில் தெரிவி உள்ளே போகவே போகாது. போனாலும், தெரிவியுள்ள பெயரும் இல்லாத பெயரும் பல நிரல்களில் ஒப்பிடும்போது வேறுவேறாகத்தான் தெரியும். தேடுவதற்கு முன் தெரிவிகளை நீக்கிய ஒரு பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சிலர் குறுக்கு வழியாக, பழைய தரங்களோடு ஒத்துப்போவதற்காக யூனிகோடில் வைத்துள்ள 'இணக்க எழுத்து'களைப் பிடித்துக்கொள்கிறார்கள். 'கடல்' எழுத்தின் பழைய வடிவத்துக்கு அங்கே தனி எண் இருக்கிறதே என்று. அது மணல் வீடு. உரையை யூனிகோடு இயல்பாக்கம் செய்யும், அதாவது ஒரே எழுத்தின் பல எண்களை ஒன்றாக்கும், எந்த நிரலும் அதைச் சத்தமில்லாமல் சாதாரண 'கடல்' ஆக்கிவிடும். எந்த இடத்தில் மாறியது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மொழியைச் சொல்வது

நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்: எழுத்தைத் தொடாமல், அது எந்த மொழி என்று பக்கத்தில் எழுதி வைப்பது. வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் இதற்கு 'லாங்' என்ற பண்பு இருக்கிறது. ஜப்பானியப் பகுதிக்கு 'ஜேஏ', எளிய சீனத்துக்கு 'இசட்எச்-ஹான்ஸ்', மரபுச் சீனத்துக்கு 'இசட்எச்-ஹான்ட்'. பக்கம் முழுவதற்கும் ஒன்று போட்டுவிட்டு, நடுவில் மொழி மாறும் சொல்லுக்கு மட்டும் தனியாக இன்னொன்று போடலாம். இபப் மின்நூலிலும் இதே கதைதான். காணொளிக்கான வெப்விடிடி துணையுரையிலும் மொழியைக் குறிக்க வழி உண்டு. எளிமையான எஸ்ஆர்டி துணையுரையில் கிடையாது.

மொழி சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? உலாவி ஊகிக்கும். பார்ப்பவரின் கணினி மொழி, அவர் விருப்ப மொழிகளை அடுக்கியிருக்கும் வரிசை, எந்த எழுத்துரு முதலில் கைக்கு அகப்படுகிறது என்பதெல்லாம் சேர்ந்து முடிவாகும். ஓசாக்காவில் இருப்பவருக்கு முழுப் பக்கமும் ஜப்பானிய வடிவத்தில் தெரியும், ஷாங்காயில் இருப்பவருக்குச் சீன வடிவத்தில். சென்னையில் ஆங்கில அமைப்புள்ள கணினியில் எது விழும் என்று சொல்ல முடியாது. அதைவிட அசிங்கம் ஒன்று உண்டு. சீன வரி ஒன்று ஜப்பானிய எழுத்துருவில் தொடங்குகிறது. சீனத்தில் நொடிக்கொரு முறை வரும் 'இந்த' என்ற சொல்லின் எளிய எழுத்து ஜப்பானிய எழுத்துருக்களில் பொதுவாக இல்லை. அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் உலாவி சீன எழுத்துருவுக்கு ஓடும். ஒரே வரியில் தடிமனும் உயரமும் மாறி ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும். சீனர்கள் பலர் வெளிநாட்டு விளையாட்டுகளிலும் செயலிகளிலும் முதலில் கவனித்து முகம் சுளிப்பது இதைத்தான்.

எழுத்துரு வரிசையில் ஜப்பானியத்தை முதலிலும் சீனத்தை அடுத்தும் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பது பரவலான தவறு. முதல் எழுத்துருவில் 30452 இருக்கிறதா, இருக்கிறது, கதை முடிந்தது. இரண்டாவது எழுத்துருவுக்கு வேலையே வராது. மொழிவாரியாகத் தனித்தனி எழுத்துரு விதி எழுத வேண்டும்.

மொழிக் குறிக்கு வடிவத்தைத் தாண்டிய பயனும் இருக்கிறது. என் முடிவை உறுதியாக்குவதும் அதுவே. பார்வையற்றவர்களுக்கு உரையைச் சத்தமாகப் படிக்கும் திரைவாசிப்பான் 39592ஐ ஜப்பானியத்தில் 'ஹொனே' என்றும் சீனத்தில் 'கூ' என்றும் படிக்க வேண்டும். மொழி தெரியாமல் அது எப்படிப் படிக்கும்? வரி எங்கே உடைய வேண்டும், நிறுத்தற்குறி எங்கே நிற்க வேண்டும் என்பதும் மொழியைப் பொறுத்தது. முற்றுப்புள்ளி ஜப்பானியத்திலும் சீனப் பெருநிலத்திலும் கட்டத்தின் இடக்கீழ் மூலையில் இருக்கும், தைவானில் நட்டநடுவே, எண் ஒன்றே. வேறுபாட்டுத் தெரிவியோ பழைய குறியாக்கமோ இவ்வளவையும் சேர்த்துத் தராது.

மொழிக் குறியையே எழுத்து வடிவில் உரைக்குள் நுழைக்கும் முயற்சியும் நடந்தது. 2001ல் யூனிகோடு அதற்கெனக் கண்ணுக்குத் தெரியாத குறிகளைச் சேர்த்தது, 2008ல் 'பயன்படுத்த வேண்டாம்' என்று ஒதுக்கியது. 2017ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கொடி எமோஜிகளை எழுத அதே குறிகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். சீன-ஜப்பானியச் சிக்கலைத் தீர்க்க வந்தது கால்பந்து ரசிகர்களுக்குப் பயன்பட்டது.

இரண்டு எழுத்துருவா, ஒன்றே போதுமா?

மொழியைக் குறித்தபின் எழுத்துருவைத் தேர்வது மிச்சம். 2014ல் அடோபியும் கூகுளும் சேர்ந்து ஒரே குடும்பத்தை இரண்டு பெயரில் வெளியிட்டன: சோர்ஸ் ஹான் சான்ஸ், நோட்டோ சான்ஸ் சிஜேகே. ஓப்பன்டைப் எழுத்துரு ஒன்றில் 65,535 வரிவடிவங்களுக்கு மேல் வைக்க முடியாது. இதில் அந்த எல்லைவரை நிரப்பியிருக்கிறார்கள். ஒரே கோப்புக்குள் 'நேர்' எழுத்தின் சீன வடிவமும் ஜப்பானிய வடிவமும் இருக்கும். மொழிக் குறியைப் பார்த்து எழுத்துருவே உரியதை எடுத்துத் தரும். தடிமன், உயரம், அடிக்கோடு எல்லாம் ஒரே கை வரைந்தது போல் பொருந்தும். 2018ல் ஹாங்காங் வடிவங்களும் சேர்ந்தன. கோட்டு முனைகளில் சிறு நுனி வைத்த செரிஃப் வகை 2017ல் வந்தது. உரிமம் இலவசம்.

அச்சுக்கும், சொந்தக் கணினியில் நிறுவும் செயலிக்கும் இதைத்தான் எடுப்பேன். வலைக்கு அப்படியே எடுக்க முடியாது. ஒரு தடிமனுக்கு மட்டும் கோப்பு சுமார் 16 எம்பி வரும். கூகுள் எழுத்துருச் சேவை வழங்கும் நோட்டோ சான்ஸ் ஜேபி, நோட்டோ சான்ஸ் எஸ்சி ஆகியவை நாட்டுவாரியாகப் பிரித்தவை. ஒவ்வொன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாக, பக்கத்துக்குத் தேவையானது மட்டும் இறங்கும். ஆனால் ஜேபிக்குள் ஜப்பானிய வடிவம் மட்டுமே இருக்கிறது. மொழிக் குறி போட்டுவிட்டு ஒரே எழுத்துருவை நம்பினால் எதுவும் மாறாது. இரண்டையும் இணைத்து, எந்த மொழிக்கு எது என்று, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் எழுத வேண்டும். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் பக்கத்தில் ஒட்டு தெரியாது. அதனால் வெவ்வேறு நிறுவனங்களின் சீன, ஜப்பானிய எழுத்துருக்களைக் கலப்பதைவிட இது மேல்.

படமாகப் போடுவது? வடிவங்களையே ஒப்பிட்டுக் காட்டும் பாடத்துக்கு அதுதான் சரி. 'இதோ ஜப்பானிய எலும்பு, இதோ சீன எலும்பு' என்று கற்பிக்கும் பக்கத்தில் வாசகரின் கணினியில் சீன எழுத்துரு இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகவே தெரியும், பாடம் கேலிக்கூத்தாகும். அங்கே எஸ்விஜி படம் போட்டு, கீழே எழுத்தையும் உரையாகக் கொடுக்கலாம். பிடிஎஃப் கோப்பும் கிட்டத்தட்ட இதே உறுதியைத் தரும், எழுத்துரு உள்ளேயே பொதிந்திருப்பதால். அதிலிருந்து நகலெடுத்து வேறெங்காவது ஒட்டினால் மட்டும் பழையபடி எண்தான் மிஞ்சும். மற்ற இடங்களில் படத்தைத் தவிர்ப்பது நல்லது. தேடவும் முடியாது, திரைவாசிப்பானும் படிக்காது.

வெற்று உரை வாழும் இடங்கள்

மொழிக் குறி போட இடமே இல்லாத இடங்கள் இருக்கின்றன. கோப்புப் பெயர், குறுஞ்செய்தி, அட்டவணையை வெற்று உரையாக வைக்கும் சிஎஸ்வி கோப்பு, தரவுத்தளப் புலம். யூனிகோடின் விமரிசகர்கள் சொல்வதில் இந்த இடத்தில் நியாயம் இருக்கிறது. கோப்புப் பெயருக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. தரவுத்தளத்துக்கு முடியும்: பெயர்ப் புலத்துக்குப் பக்கத்தில் மொழிக்கென ஒரு புலம். ஒரே பதிவில் சீனப் பெயரும் ஜப்பானியப் பெயரும் வந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் புலம், ஒவ்வொன்றுக்கும் தன் மொழி. திரையில் காட்டும் நேரத்தில் அந்தப் புலத்திலிருந்தே 'லாங்' பண்பை நிரப்பலாம், சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்தாலும் தகவல் கூடவே போகும். தொடக்கத்தில் வைத்தால் அரை மணி நேர வேலை.

ஆக, புதிதாகத் தொடங்கும் எதற்கும் என் தேர்வு: யூடிஎஃப்-8 உரை, பக்கத்தில் மொழி, ஒரே குடும்பத்து எழுத்துருக்கள். ஜப்பானியரின் ஆள் பெயர், ஊர்ப் பெயர் துல்லியமாக வேண்டும் என்றால் அந்தப் புலங்களில் மட்டும் வேறுபாட்டுத் தெரிவிகளுக்கு இடம் கொடுங்கள். மற்றப் புலங்களில் அவை நுழைந்தால் நீக்கிவிடுங்கள். சரிபார்க்க 30452, 39592 இரண்டையும் இரு மொழிக் குறியோடும் அருகருகே வைத்த ஒரு பக்கம் போதும். அதை ஜப்பானிய அமைப்புள்ள கைபேசியிலும், சீன அமைப்புள்ளதிலும், இரண்டும் இல்லாத ஒன்றிலும் திறந்து பார்க்க வேண்டும். உருவாக்கியவரின் கணினியில் சரியாகத் தெரிவது எதையும் நிரூபிக்காது.

ஏற்கெனவே மொழி குறிக்காமல் குவிந்து கிடக்கும் தரவுதான் கடினம். நீண்ட உரை என்றால் நிரலே பிரித்துவிடும்: ஜப்பானியத்துக்கே உரிய ஒலியெழுத்துகளான ஹிராகானா, கதகானா இடையில் வந்தால் ஜப்பானியம், அவை இல்லாமல் எளிய சீனத்துக்கே உரிய எழுத்துகள் இருந்தால் சீனம். இரண்டு மூன்று எழுத்தே உள்ள பெயர்களில் இந்தத் தந்திரம் பலிக்காது. 'லின்' என்ற சீனக் குடும்பப் பெயரும் 'ஹயாஷி' என்ற ஜப்பானியக் குடும்பப் பெயரும் ஒரே எழுத்து, ஒரே எண். முகவரியில் நாடு இருந்தால் அதை முதல் ஊகமாக வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஆள் உட்கார்ந்து பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.